ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிஷம்

2022 மார்ச்சில் ஒரு நாள் காலை, காரிலிருந்து இறக்கி ஷெட்டில் வைத்திருந்த ஹெரால்டு கார் இன்ஜினின் ஆயில் மூடியைத் திருகிக் கழற்றினேன். மூடியின் உள்பக்கம் முழுக்க, ஆறிப்போன டீயின் மேல் படியும் ஆடை மாதிரி, வெளிர் பழுப்பு நிறத்தில் ஒரு கொழகொழப்பு ஒட்டியிருந்தது. விரலால் வழித்துப் பார்த்தேன். ஆயிலையும் தண்ணீரையும் சேர்த்துக் கடைந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. டிப் ஸ்டிக்கை உருவினால் ஆயில் அளவு குறையவில்லை, ஏறியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் வாசனை. பதினான்கு மாதமாக அந்த இன்ஜினைக் கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொண்டதாகத்தான் நினைத்திருந்தேன். ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்தி, துடைத்து, துணி போட்டு மூடிவைத்தேன். அந்த ஐந்து நிமிஷம்தான் அதை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது என்று தெரிய இன்னும் ஒரு வாரம் ஆனது.

பழைய கார் ஒன்றைப் பிரித்துச் செய்கிற எல்லோருக்கும் இந்தக் கட்டம் வந்தே தீரும். பாடி டிங்கர் பட்டறைக்குப் போகும், இன்ஜின் வெளியே இருக்கும். மூன்று மாதம் என்பார்கள், மூன்று வருஷம் ஆகும். பெயின்ட்டைப் பற்றியும் சீட் துணியைப் பற்றியும் பக்கம் பக்கமாகப் பேசுகிறோம். காத்திருக்கிற இன்ஜினைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால் எனக்கு நடந்ததையும், இரண்டாவது முறை நான் என்ன செய்தேன் என்பதையும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

கார் அம்மாவுடையது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நாலு கதவு வைத்த மார்க் 3. இங்கிலாந்தில் 1959ல் வந்த ட்ரையம்ப் ஹெரால்டுக்கு இரண்டே கதவுதான். 1961லிருந்து சென்னையில் செய்ய ஆரம்பித்த பிறகு, நாலு கதவு வைத்தது நம் ஊர் வேலை. அம்மா 1978ல் இரண்டாம் கையாக வாங்கி, தாம்பரத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போய்வர வைத்திருந்தாள். வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் பிறந்த வண்டி, அதன் வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கிருந்து கூப்பிடு தூரத்திலேயே கழித்தது என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். 1996க்குப் பிறகு அது ஷெட்டில் நின்றுவிட்டது. 2020 ஊரடங்கில் நானும் பல்லாவரத்து மெக்கானிக் அண்ணனும் சேர்ந்து அதை மறுபடி மூச்சுவிட வைத்தோம். இன்ஜின் நன்றாகவே ஓடியது. ஆனால் சேஸி பின்பக்கம் துருவேறிப் பொத்துப் போயிருந்தது, கதவுக்குக் கீழே தகரம் கையோடு வந்தது. பாடியைத் தூக்காமல் ஒன்றும் நடக்காது என்று ஆகிவிட்டது.

ஹெரால்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இன்ஜின் இறக்குவதற்கு இதைவிடச் சுலபமான கார் கிடையாது. முன்பக்க பானட், இரண்டு மட்கார்டோடு சேர்த்து ஒரே துண்டாக முன்னால் கவிழ்ந்துவிடும். முன் டயரின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பானட்டையே கழற்றி ஓரமாகச் சாய்த்துவைத்துவிட்டு, செயின் பிளாக் போட்டு, 2021 ஜனவரியில் ஒரே மதியத்தில் இன்ஜினையும் கியர் பாக்ஸையும் சேர்த்து வெளியே எடுத்துவிட்டோம். 948 சிசி, நாலு சிலிண்டர், சிலிண்டர்கள் இருக்கும் பிளாக், அதை மேலே மூடும் ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு. எடுத்து வைத்ததைப் பார்த்து அம்மா கேட்டது ஒன்றுதான். "இது மறுபடி எப்போடி அதோட வீட்டுக்குப் போகும்?"

மூன்று மாதம் என்றேன். பட்டறையில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

அடுத்து எல்லோரும் சொன்ன புத்திமதி: "ஓடுற இன்ஜினை சும்மா வைக்காதீங்க, ஜாம் ஆயிடும். வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி விடுங்க." சொல்லாத ஆள் இல்லை. கேட்பதற்கு நியாயமாகவும் இருந்தது. வெல்டிங் பட்டறையில் ஆங்கிள் வாங்கி ஒரு சட்டம் அடிக்கச் சொன்னேன், ரேடியேட்டரைக் கட்டினேன், ஒரு பழைய பேட்டரி. ஞாயிறு காலை பத்து மணிக்கு ஸ்டார்ட் செய்வேன். தெருப் பிள்ளைகள் கேட்டருகில் வந்து நிற்பார்கள். பானட் இல்லாமல், கார் இல்லாமல், வெறும் இன்ஜின் தனியாக ஓடுவதைப் பார்ப்பது ஒரு பெரிய சந்தோஷம், அதை மறுக்க மாட்டேன். விசிறி சுற்றுவதும், ராக்கர் மூடிக்குள்ளிருந்து டிக் டிக் என்று சத்தம் வருவதும், ஆக்ஸிலரேட்டரைக் கையால் இழுத்தால் மொத்த இன்ஜினும் ஒரு பக்கமாகத் தோள் சாய்ப்பதும். ஐந்து நிமிஷம். தண்ணீர் ஹோஸ் கைக்குச் சூடு தெரிந்ததும் நிறுத்திவிடுவேன்.

மார்ச்சில் அந்த மூடியைப் பார்த்த பிறகு அண்ணனை வரச் சொன்னேன். ஹெட்டைக் கழற்றினோம். மூன்றாம் சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாக நிற்கிற மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரைச் சுற்றி வளையமாகத் துரு. நகத்தால் தடவினால் குழி தட்டுப்பட்டது. அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பைக் கழற்றிப் பேரிங் ஒன்றை எடுத்தால், பளபளக்க வேண்டிய இடம் சாம்பல் பூத்து மங்கியிருந்தது. வால்வுகளைத் திறக்கவைக்கும் கேம் ஷாஃப்டின் இரண்டு முகடுகளில் ஊசி குத்தினாற்போல் பொட்டுப்பொட்டாகப் பள்ளம். அண்ணன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்:

"ஏம்மா, அடுப்புல தோசைக்கல்ல வெச்சு, அது காயறதுக்குள்ள தண்ணியத் தெளிச்சு எறக்கி வெச்சா என்ன ஆவும்? துருப் புடிக்கும். அதத்தான் வாராவாரம் பண்ணிருக்கே."

அந்தத் தோசைக்கல்லை நான் மறக்கவே மாட்டேன். விஷயம் முழுக்க அதில் இருக்கிறது, விரித்துச் சொல்வது மட்டும்தான் பாக்கி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றின் ஆக்ஸிஜனோடு சேர்ந்து உருவாகிற தண்ணீர் அது. இன்ஜின் சூடாக இருந்தால் எல்லாம் ஆவியாகவே சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். குளிர்ந்த இன்ஜினில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரிலும் மெனிஃபோல்டிலும் வியர்த்து நிற்கும், இன்னொரு பகுதி பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயிலில் கலக்கும். தண்ணீர் மட்டும் என்றாலும் பரவாயில்லை, எரிந்த புகையில் இருக்கும் மற்ற வாயுக்கள் அந்தத் தண்ணீரில் கரைந்து அமிலமாகிவிடும். பேரிங்கை மங்க வைத்தது அதுதான். இதற்கு மேல் சோக். குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆக சோக்கை இழுக்கிறோம். கூடுதலாக வரும் பெட்ரோல் முழுதாக எரியாமல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு சம்பில் போய்ச் சேர்கிறது. என் டிப் ஸ்டிக்கில் அளவு ஏறியது அப்படித்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாரத்துக்கு ஐந்து நிமிஷம், சோக் இழுத்த நிலையில், சுமார் 80 மில்லி பெட்ரோல். அறுபது ஞாயிறு. நாலு லிட்டருக்கு மேல் பெட்ரோல், அதே அளவு தண்ணீர், ஒருமுறைகூட முழுதாகச் சூடாகாத ஓர் இன்ஜினுக்குள் பிறந்து, அதில் கொஞ்சம் கொஞ்சம் உள்ளேயே தங்கியிருக்கிறது.

தண்ணீர் சூடாகிவிட்டதே என்று கேட்கலாம். நானும் அங்கேதான் ஏமாந்தேன். தண்ணீர் வேறு, ஆயில் வேறு. இரண்டாவது முறை இன்ஜினை ஓட்டியபோது வெப்பமானி வைத்து அளந்தேன். ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஓடும்போது, ஐந்தாவது நிமிஷம், தெர்மோஸ்டாட் பக்கம் 60 டிகிரி, சம்பின் அடியில் 41. சென்னையில் அன்றைக்கு வெயிலே 33. அதாவது ஆயில் கொஞ்சம் வெதுவெதுப்பாகியிருந்தது, அவ்வளவுதான். அதில் கலந்த தண்ணீர் ஆவியாகி ஓட வேண்டுமானால் ஆயில் 100 டிகிரிக்கு அருகே போய், அங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். சாலையில் சுமையோடு அரை மணி ஓட்டினால் அது நடக்கும். சட்டத்தின் மேல் சுமையே இல்லாமல் ஓடும் இன்ஜினில் அரை மணியிலும் சம்ப் எண்பதைத் தாண்டச் சிரமப்பட்டது.

விமான இன்ஜின் செய்கிறவர்களுக்கு இது பழைய விஷயம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். சிறிய விமானங்களுக்கு பிஸ்டன் இன்ஜின் செய்யும் லைகமிங், நிறுத்திவைத்த விமானத்தின் இன்ஜினைத் தரையில் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்துவது பறப்பதற்கு மாற்று ஆகாது என்று தன் வாடிக்கையாளர்களுக்கு எழுதி வைத்திருக்கிறது. அதுமட்டுமில்லை, ஓட்டாத இன்ஜினைக் கையால் சுற்றிவிடுவதும் வேண்டாம் என்கிறது, சிலிண்டர் சுவரில் மிச்சமிருக்கிற ஆயில் படலத்தை ரிங் வழித்தெடுத்துவிடும் என்பதால். நம் ஊரில் இரண்டையுமே நல்ல பழக்கம் என்று சொல்லிக்கொடுக்கிறோம்.

சரி, ரிப்பேர் கதையைச் சுருக்கிவிடுகிறேன், அது வேறு கட்டுரை. சிலிண்டர்களை லேத் பட்டறையில் 20 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு) ரீபோர் அடித்து அகலப்படுத்தினோம். சென்னையில் கார் சாமான் விற்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் ஒரு வாரம் அலைந்தும் பிஸ்டன் கிடைக்கவில்லை, இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். இந்த இன்ஜினின் வம்சம் 1953ல் ஸ்டாண்டர்டு எய்ட் காரில் 803 சிசியாகத் தொடங்கி, 1980ல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் நிற்கும்வரை 1,493 சிசியாக வளர்ந்து ஓடியது. அதனால் அங்கே இன்னும் சாமான் கிடைக்கிறது. புது பேரிங், புது கேம், கேமின் முகட்டில் உரசி நகரும் புது டேப்பட். 2022 டிசம்பரில் இன்ஜின் மறுபடி முழுதாகச் சேர்ந்து நின்றது. பாடி இன்னும் பட்டறையில்தான், சேஸியில் பாதி வெல்டிங் முடிந்திருந்தது.

இப்போது கேள்வி, இதை வெளியே ஓட்டுவதா வேண்டாமா. ஓட்ட வேண்டும் என்பதே என் முடிவு. ஆனால் பராமரிப்புக்காக இல்லை, சோதனைக்காக. ஒரு தடவை, ஒழுங்காக, முழுச் சூட்டில். புது பெயின்ட் அடித்த காருக்குள் இறக்கிய பிறகு பின்பக்க சீலில் ஆயில் ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பதைவிட, சுற்றிச்சுற்றி வந்து பார்க்கக்கூடிய இடத்தில் கண்டுபிடிப்பது எவ்வளவோ மேல்.

பழைய சட்டத்தை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஒன்று அடித்தோம். கடையில் கிடைக்கிற, பிளாக்கின் பின்பக்கத்தில் நாலு போல்ட்டில் தொங்கவிட்டு இன்ஜினைத் திருப்பித்திருப்பி வேலை பார்க்கும் ஸ்டாண்டில் வைத்து ஓட்டக் கூடாது. அது பிரிக்கவும் சேர்க்கவும் மட்டும்தான். ஓடும் இன்ஜினின் உதறலுக்கு அது சாய்ந்துவிடும். காரில் எந்த மூன்று இடத்தில் உட்கார்ந்திருந்ததோ அதே மூன்று இடத்தில், அதே ரப்பர் மவுண்ட் வைத்து உட்கார வேண்டும்: முன்னால் இரண்டு பக்கம், பின்னால் கியர் பாக்ஸுக்கு அடியில். கியர் பாக்ஸோடு வைத்தால் ஸ்டார்ட்டருக்கும் இடம் கிடைக்கிறது, ஃப்ளைவீலும் பெல் ஹவுசிங்குக்குள் மூடியிருக்கும். கியர் பாக்ஸில் ஆயில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டத்தின் கால்களை அகலமாக வைத்து, இன்ஜின் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் நிற்கும்படி செய்தோம். குனியாமல் வேலை பார்க்கலாம் என்றுதான் அந்த உயரம். அது வேறு விதத்தில் உதவப்போகிறது என்று அப்போது தெரியாது.

காரில் பாடியே பேட்டரிக்கு எர்த். வெளியே பாடி இல்லை. பேட்டரியிலிருந்து பிளாக்குக்கு நல்ல கனமான ஒரு கேபிள் நேராகப் போக வேண்டும், பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு வெற்று இரும்பில். பழைய இங்கிலீஷ் கார்களில் பாசிட்டிவ் எர்த் உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். காயிலுக்குப் போகும் ஒயரில் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு சுவிட்ச். பெட்ரோலுக்கு மூடி போட்ட சிறிய கேன், சைலன்சர் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம், ஹோஸ் புதிது, கிளிப் போட்டது. பக்கத்தில் பவுடர் தீயணைப்பான், மணல் வாளி. ஷெட்டுக்குள் ஓட்டவே கூடாது, திறந்த வெளிக்கு இழுத்து வந்துதான், ஏனென்றால் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மயங்கிய பிறகு தெரிந்து பயனில்லை. இன்னொன்று, விசிறி. காரில் அது பானட்டுக்குள் இருந்தது, இங்கே உங்கள் வயிற்றுக்கு நேராகச் சுற்றுகிறது. நான் துப்பட்டாவைக் கழற்றிவைத்து, பின்னலைச் சுருட்டிக் கட்டிக்கொண்டுதான் கிட்டே போனேன். லுங்கி, துண்டு, தொளதொள சட்டை எதுவும் வேண்டாம். கோழிக்கம்பி வலையில் விசிறிக்கு ஒரு கூண்டு அடித்தேன், பிள்ளைகளை இந்தத் தடவை கேட்டுக்கு வெளியே நிறுத்தினேன்.

புது கேம் போட்ட பழைய இன்ஜினின் முதல் இருபது நிமிஷம் மிக முக்கியமானது. கேமின் முகடும் டேப்பட்டின் தட்டையான முகமும் ஒன்றுக்கொன்று பழகிக்கொள்கிற நேரம் அது. அந்த இடத்துக்குப் பம்ப் நேராக ஆயில் அனுப்புவதில்லை, கிராங்க் சுற்றித் தெளிக்கிற ஆயில்தான். ஐடிலிங்கில் தெளிப்பு போதாது. அதனால் ஸ்டார்ட் ஆன நொடியிலிருந்து 2,000 ஆர்பிஎம்மில், கொஞ்சம் ஏற்றி இறக்கி, இருபது நிமிஷம் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். ஸ்டார்ட் ஆகாமல் ஸ்டார்ட்டரைப் போட்டு அரைத்துக்கொண்டே இருந்தால் கேமில் தடவிய பசை எல்லாம் வழிந்து போய்விடும். எனவே எல்லாம் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்: கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்து, டைமிங் நிறுத்திய நிலையிலேயே சரிபார்த்து, பிளக் ஒயர் 1-3-4-2 வரிசையில். முதலில் பிளக்குகளைக் கழற்றிவிட்டுப் பத்துப் பத்து நொடியாக ஸ்டார்ட்டரைச் சுற்றி, ஆயில் பிரஷர் முள் எழும்பும்வரை பார்த்தோம். முள் எழுந்த அந்த நொடி அண்ணன் என் தலையில் கைவைத்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

2023 ஜனவரியில், பொங்கலுக்கு அடுத்த வாரம், பிளக் மாட்டி சுவிட்சைப் போட்டோம். மூன்றாவது சுற்றில் பிடித்தது. இருபது நிமிஷமும் நான் ஆயில் முள்ளை விட்டுக் கண்ணெடுக்கவில்லை, 50 பவுண்டுக்குக் கீழே இறங்கவில்லை. அண்ணன் டார்ச்சோடு சுற்றிச்சுற்றி வந்தார். டைமிங் செயின் மூடியின் அடியில் ஒரு சொட்டு, பிறகு இன்னொரு சொட்டு. காரில் இருந்தால் ரேடியேட்டரைக் கழற்றிச் செய்ய வேண்டிய வேலை, இங்கே ஒரு மணி நேரத்தில் சீல் மாற்றியாகிவிட்டது. ஆறிய பிறகு ஹெட் போல்ட்டை மறுபடி டைட் வைத்து, டேப்பட் இடைவெளி பார்த்து, ஆயிலை வடித்துப் புதிது ஊற்றி, அந்த வாரத்தில் இன்னும் இரண்டு முறை அரை மணிக்கு மேல் ஓட்டினோம். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு நிமிஷமும் ஓட்டவில்லை.

பிறகு தூங்க வைக்கிற வேலை. எனக்கு இதில்தான் ரொம்ப அக்கறை.

கடைசி ஓட்டம் முடிந்து சூடு தணிவதற்குள் ஆயிலை வடித்துவிட வேண்டும். ஓடிய ஆயிலில் அமிலம் இருக்கும், அதைப் பேரிங்கோடு ஒரு வருஷம் வைத்திருக்கக் கூடாது. புது 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றி ஒரு நிமிஷம் ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றினேன். கார்புரேட்டரைக் கழற்றிச் சொட்டு இல்லாமல் வடித்தேன். நம் பெட்ரோலில் அப்போது 10 சதவீதம் எத்தனால், இப்போது 20. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், பழைய ரப்பரையும் விடாது. கிண்ணத்தில் தேங்கினால் ஜெட்டுக்குள் பச்சையாகவும் வெள்ளையாகவும் பூத்துவிடும்.

பிளக் துளை ஒவ்வொன்றிலும் 20 மில்லி துருத் தடுப்பு ஆயில் விட்டு, கையால் நாலு சுற்று சுற்றி, பிளக்கை மாட்டினேன். அடுத்து ஒரு சின்ன வேலை, என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரியது. நாலு சிலிண்டர் இன்ஜின் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு வால்வு திறந்துதான் இருக்கும். திறந்த வால்வு வழியாக வெளிக்காற்று, அதாவது சென்னைக் காற்று, அந்த சிலிண்டருக்குள் போய்வந்துகொண்டே இருக்கும். என் மூன்றாம் சிலிண்டர் கெட்டதற்கு அதுவும் ஒரு காரணம். வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்கள் மாட்டியிருக்கும் ராக்கர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் எல்லா வால்வும் மூடிக்கொள்ளும், ஸ்பிரிங்கும் தளர்ந்து ஓய்வெடுக்கும். ராக்கர்களைத் தள்ளும் புஷ் ராடுகளை வரிசை மாறாமல் அட்டையில் துளை போட்டுக் குத்திவைத்தேன்.

இன்லெட், எக்ஸாஸ்ட் வாய்களில் முதல் தடவை காட்டன் வேஸ்ட்டைத் திணித்து வைத்திருந்தேன். அது பெரிய தப்பு. பஞ்சு ஈரத்தைக் குடித்து, இரும்போடு ஒட்ட வைத்துக்கொண்டே இருக்கும். திணிக்காமல் விட்டிருந்த ஒரு ஹோஸ் துளைக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது, நம் ஊரில் பென்சில் நுழைகிற எந்தத் துளையையும் குளவி விட்டுவைக்காது. இந்த முறை அலுமினியத் தகடு வெட்டி, கேஸ்கெட் வைத்து, நட் போட்டு மூடினேன்.

தண்ணீர் வழிகளுக்கு இங்கிலீஷ் புத்தகங்கள் எல்லாம் பனிக்குப் பயந்து ஆன்டி ஃப்ரீஸ் ஊற்றச் சொல்லும். நமக்குப் பனி இல்லை, அதனால் வெறும் குழாய்த் தண்ணீர் போதும் என்று விட்டுவிடுகிறோம். அந்தத் தண்ணீர் வடித்த பிறகும் நாலாம் சிலிண்டருக்குப் பின்னால் சேறாகத் தங்கி, பிளாக்கின் பக்கவாட்டில் அடித்திருக்கும் வட்டத் தகர மூடிகளை உள்ளிருந்து பொத்துவிடும். கூலன்ட்டில் இருக்கும் துருத் தடுப்புதான் நமக்கு வேண்டியது. நான் முழுதாக நிரப்பி, ஹோஸ் வாய்களை அடைத்து வைத்தேன். கியர் பாக்ஸைக் கழற்றி, கிளட்ச் பிளேட்டைத் தனியே எடுத்துப் பொட்டலம் கட்டினேன், இல்லையென்றால் அது ஃப்ளைவீலோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். இன்ஜினைச் சம்பின் மேல் உட்காரவைக்காதீர்கள், சம்ப் வெறும் தகரம், நெளிந்தால் ஆயில் உறிஞ்சும் வாய் அடைபடும்.

கடைசியாக உறை. கிண்டி தொழிற்பேட்டையில் ஏற்றுமதிக்கு இயந்திர சாமான் கட்டுகிறவர்கள் பயன்படுத்தும் துருத் தடுப்புக் காகிதம் வாங்கி இன்ஜினைச் சுற்றினேன். அதன்மேல் கனமான பாலிதீன் பை, உள்ளே ஒரு கிலோ நீல சிலிகா ஜெல், வாயை டேப் போட்டு முழுக்க ஒட்டினேன். ஒன்று காற்றே புகாமல் ஒட்ட வேண்டும், அல்லது வெறும் பருத்தித் துணி போட்டுக் காற்றாட விட வேண்டும். தார்ப்பாயைப் போட்டுக் கயிறு கட்டுவதுதான் மோசம். விடிகாலையில் இரும்பு இரவின் குளிரை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும்போது கடல் காற்றின் ஈரம் அடியில் புகுந்து அதன்மேல் வியர்க்கும், மேலே மூடியிருப்பதால் காயவும் காயாது. சிலிகா ஜெல் தெரியும்படி ஒரு மூலையை மட்டும் காகிதம் இல்லாமல் விட்டேன். நீலம் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். அந்த வருஷத்தில் இரண்டு முறை மாற்றினேன். பழையதை அடுப்பில் வாட்டினால் மறுபடி நீலமாகும், ஆனால் அந்த நீல மணியில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அதனால் சமையல் பாத்திரத்தில் செய்யாதீர்கள். நான் அதற்கென்றே ஒரு தகர டப்பா வைத்துக்கொண்டேன்.

கையால் சுற்றவே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் கை பரபரக்கும், ஷெட்டுக்குப் போய் ஜெல்லின் நிறத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். 4ஆம் தேதி காலை எங்கள் மேற்குத் தாம்பரத் தெருவில் தண்ணீர் முழங்காலைத் தொட்டது, ஷெட்டுக்குள் ஒன்றேமுக்கால் அடி. டைனமோ இருந்த பெட்டி மிதந்தது, பழைய பேட்டரி போயிற்று, கியர் பாக்ஸை நானும் பக்கத்து வீட்டு அண்ணாவும் இரவோடு இரவாக மாடிப்படிக்குத் தூக்கினோம். இன்ஜினைத் தூக்க யாராலும் முடியாது. அது அந்த இரண்டரை அடி சட்டத்தின் மேல் பைக்குள் அப்படியே நின்றது, தண்ணீர் அதன் அடியில் முக்கால் அடி இடம் விட்டு இரண்டு நாள் நின்றுவிட்டு வடிந்தது.

2024 மார்ச்சில் பாடி வந்தது. பதின்மூன்று மாதம் கழித்துப் பையைக் கிழித்தேன். பிளக்கைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தால் நாலு சிலிண்டர் சுவரும் ஆயில் மினுக்கத்தோடு, லேத்தில் போட்ட குறுக்குக் கோடுகூட மாறாமல் இருந்தது. ராக்கரை மாட்டி, இடைவெளி வைத்து, செயின் பிளாக்கில் தூக்கி இறக்கினோம். மறுபடி பிளக் இல்லாமல் சுற்றி ஆயில் முள்ளை எழுப்பிவிட்டு, ஸ்டார்ட் செய்தோம். துருத் தடுப்பு ஆயில் எரிந்து தெரு முழுக்க வெள்ளைப் புகை, இரண்டு நிமிஷத்தில் தெளிந்தது. அம்மா திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கார் அவள் கண்ணுக்குச் சரியாகத் தெரிகிற தூரத்தில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"சோக்கை உள்ள தள்ளுடி. அதுக்குப் போதும்."

தள்ளினேன். சத்தம் ஒரு படி இறங்கிச் சீரானது. அவளை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு ஜிஎஸ்டி ரோட்டில் வண்டலூர் வரை போனோம். ஆயில் நன்றாகக் காயட்டும் என்று இன்னும் பத்து கிலோமீட்டர் சேர்த்து ஓட்டிவிட்டுத்தான் திரும்பினோம்.